ஹஜ்ரத் ஓடலாமா?



ஜனவரி மாதத்து உதகமண்டலத்தில் சுபுஹுத் தொழுகைக்காக ஒளூச் செய்த அனுபவம் உங்களில் சிலருக்கேனும் இருக்கும். முதற்கை நீரை ஏந்தும்போதே விரல்கள் மரத்துப் போகும். முகத்தில் நீர் பட்டவுடன் மூச்சு ஒரு கணம் நின்று திரும்பும். சிரமமான வேளையிலும் ஒளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் செயல்களில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நான் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். அதன் பொருளை எனக்குக் கற்பித்தது இந்த ஊர்க் குளிர்தான்.

தொழுகையும் துஆவும் முடிந்து, ஜமாஅத்தார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தேநீர்க் கடையை நோக்கி நடக்கும் அந்நேரத்தில், நாற்பத்தெட்டு வயதான நான் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்குகிறேன். சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு இங்கேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதரஸா ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாலைக்கு ஏற 72 படிகள். மலையூர்களில் இது புதுமையன்று. 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு காலைப் பொழுது, ஓதிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குளிரால் இளைப்புக் கண்டது. மூச்சை இழுக்க முடியாமல் உதடுகள் நிறம் மாறத் தொடங்கின. அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படிகூட ஏறியிருக்க மாட்டேன். என் நெஞ்சு அடைத்தது, முழங்கால்கள் மடங்கின. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தபடி நான் படியிலேயே அமர்ந்துவிட்டேன். பின்னால் வந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன் எதுவும் கேட்காமல் என் கையிலிருந்து அவனை வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். மருத்துவமனையில் ஆவி மருந்து கொடுத்துக் குழந்தையைத் தேற்றிவிட்டார்கள், அல்ஹம்து லில்லாஹ். மாலையில் அவன் தாயார் வந்து எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரமே ஓடத் தொடங்கினேன். எப்படித் தொடங்கக் கூடாதோ அப்படித் தொடங்கினேன். தொழுகை முடிந்த கையோடு, தடித்த கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியும் மங்கிக் குல்லாயுமாக, ஏற்றத்தில் இளைஞனைப் போலப் பாய்ந்தேன். கால் கிலோமீட்டருக்குள் தொண்டை எரிந்தது. பிறகு உடம்பெல்லாம் வியர்த்தது. ஈர பனியனோடு வந்து வகுப்பில் அமர்ந்து அலிஃப், பே சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து மீண்டும் பாய்ந்தபோது கெண்டைக்காலில் சவுக்கால் அடித்தது போல ஒரு வலி. மூன்று வாரம் நொண்டினேன். என் துணைவியார் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "என்னங்க, முதல்ல டாக்டரப் பாத்துட்டு அப்புறமா ஓடக் கூடாதா?" என்றார். நாற்பதைக் கடந்தவர்கள் அனைவருக்கும் நான் சொல்ல வேண்டிய முதல் அறிவுரையை அவர் எனக்குச் சொல்லிவிட்டார்.

மருத்துவர் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார், இரத்தம் சோதித்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. ஓடலாம் என்றார், ஆனால் குளிரைப் பற்றி எச்சரித்தார். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் திடீரென்று பாய்வது நம் வயதினருக்கு ஆபத்து. மேலும், மூக்கின் வழியே மெல்ல மூச்சு விடும்போது காற்று சூடாகி ஈரமாகி நுரையீரலுக்குள் போகிறது. வாயைத் திறந்து இரைக்க இரைக்க ஓடினால் வறண்ட குளிர்காற்று நேரே உள்ளே இறங்கி மூச்சுக்குழாயைப் புண்படுத்துகிறது. அத்துடன் நாங்கள் வாழ்வது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில். சமவெளியில் கிடைக்கும் உயிர்க்காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கே ஒவ்வொரு மூச்சிலும் குறைவு. இவையெல்லாம் நான் பிறந்தது முதல் என்னைச் சூழ்ந்திருந்த உண்மைகள். கலைப் பட்டதாரியான எனக்கு வரலாற்று ஆண்டுகள் மனப்பாடம். நான் சுவாசிக்கும் காற்றைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

கால் குணமாகும் வரை வீட்டில் இருந்த நாட்களில், பலமுறை பாடம் நடத்திய ஒரு ஹதீஸ் புதிதாகக் கண்ணில் பட்டது. ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களை அறிவீர்கள். அண்ணலாரின் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது தனியொருவராய்க் கால்நடையாகவே அவர்களைத் துரத்தியவர். தூகரதிலிருந்து திரும்பும் வழியில், ஓட்டத்தில் யாரிடமும் தோற்காத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனா வரை தன்னோடு ஓட யாருமுண்டா என்று அறைகூவினார். ஸலமா (ரலி) பெருமானாரிடம் அனுமதி பெற்று வாகனத்திலிருந்து குதித்து ஓடினார். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள அந்த அறிவிப்பில், வென்றதைச் சொல்வதற்கு முன் அவர் ஒன்று சொல்கிறார். ஒன்றிரண்டு மேடுகள் வரை தம் மூச்சைக் காப்பதற்காக வேகத்தை அடக்கிக்கொண்டாராம். பிறகு தொடர்ந்து, மீண்டும் அடக்கி, அதன் பின்னரே எட்டிப் பிடித்தாராம்.

இருபது ஆண்டுகளாக இதனை வீரத்தின் பாடமாகவே நடத்தி வந்தேன். மேட்டில் மூச்சைக் காத்த செய்தியை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறேன். நொண்டிக்கொண்டு கிடந்தபோதுதான் அந்த வரி என்னைப் பிடித்து நிறுத்தியது.

2024 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினேன். முதல் பதினைந்து நிமிடம் நடை மட்டுமே. பிறகு இரண்டு நிமிட மெல்லோட்டம், மூன்று நிமிட நடை. பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். எனக்குத் துணை யாருமில்லை. ஆகவே யாஸீன் சூராவை ஓதிக்கொண்டே ஓடுகிறேன். ஆயத்தின் நடுவே மூச்சு முறிந்தால் வேகத்தைக் குறைப்பேன். ஏற்றங்களில் வெட்கப்படாமல் நடந்துவிடுவேன். தொழுகையே சிறந்த உடற்பயிற்சி என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழுகை வணக்கம், அதற்கு உடற்பயிற்சியின் நற்சான்றிதழ் தேவையில்லை. தவறாமல் தொழுதுவந்த நான்தான் 72 படி ஏற முடியாமல் உட்கார்ந்தேன்.

டொராண்டோவுக்கு அருகே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு எட் விட்லாக் என்ற முதியவரைப் பற்றிய செய்திகளை எனக்கு அனுப்பினார். கனடாவின் மில்டன் என்ற ஊரில் வாழ்ந்தவர். 42 கிலோமீட்டரையும் சொச்சத்தையும் கொண்ட மாரத்தானை 2003 இல், தம் 72 ஆவது வயதில், மூன்று மணி நேரத்துக்குள் ஓடினார். எழுபதைக் கடந்து அதைச் செய்த முதல் மனிதர் அவரே. 73 வயதில் 2 மணி 54 நிமிடம். 85 வயதில், 2016 அக்டோபரில், 3 மணி 56 நிமிடம். அடுத்த மார்ச்சில் காலமானார். பயிற்சியாளரோ தனி உணவோ இல்லை. வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதையிலேயே சுற்றிச் சுற்றி, சில நாட்களில் மூன்று மணி நேரம்கூட, மெதுவாக ஓடுவாராம்.

கல்லறைத் தோட்டம் என்றதும் எனக்குத் திகைப்பு வரவில்லை. சுற்றுப் பாதையில் எதிர்க்காற்று நெடுநேரம் முகத்தில் அறைவதில்லை. களைத்தால் வீடும் பக்கத்தில். என் பாதையும் எங்கள் அடக்கத்தலத்தை ஒட்டித்தான் செல்கிறது. அங்கே என் அத்தா இருக்கிறார். ஐம்பத்து நான்கு வயதில், இப்படியொரு பனிக்காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். கதவருகே வரும்போது நடையாகக் குறைத்து, கபுராளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு மீண்டும் ஓடுவேன். அத்தாவின் வயதை எட்ட எனக்கு இன்னும் ஆறு ஆண்டுகள்.

எல்லாம் இப்படி அமைதியாகப் போயிருந்தால் இக்கட்டுரையின் தலைப்பு வேறாக இருந்திருக்கும். ஒருநாள் அஸருக்குப் பின் ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து அமர வைத்தார். வயதில் மூத்தவர், என் மீது அன்புள்ளவர். "ஹஜ்ரத், தப்பா நெனைக்காதீங்க. ஊரு பூரா பேசுது. நீங்க ரோட்ல ஓடுறது நல்லாவா இருக்கு? புள்ளைங்க மதிக்குமா?" என்றார். நடையில் நடுநிலை பேணும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையை நினைவூட்டினார். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், நிதானமாக வாருங்கள் என்ற நபிமொழியையும் எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டு என்னை வைத்துக்கொள்வதா என்பதே பேச்சில் இருப்பதாக, அவர் சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மதரஸாச் சம்பளம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதுவும் போனால் என் இரு பெண்மக்களின் படிப்பு என்னாவது? மறுநாள் அவர் வீட்டுக்கே சென்றேன். லுக்மானின் அறிவுரை பெருமை நடையைப் பற்றியது. தொழுகைக்கு வரும்போது நான் என்றும் ஓடியதில்லை, தொழுத பின்னரே ஓடுகிறேன் என்றேன். பிறகு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பைச் சொன்னேன். ஒரு பயணத்தில் அண்ணலாரும் அன்னையாரும் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், அன்னையார் வென்றார். பின்னொரு பயணத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது, மீண்டும் ஓடினார்கள். அண்ணலார் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு எனப் புன்னகையோடு சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி. "மதீனாவுக்கு வந்தபோதே நாயகத்துக்கு 53 வயசு, பாய். இந்தப் பந்தயமெல்லாம் அதுக்கு அப்புறம்தான்" என்றேன். நாயகத்தின் கண்ணியத்தைக் குறைக்காத ஒன்று, அவர்களுடைய செருப்பின் தூசிக்கும் ஈடாகாத என் கண்ணியத்தையா குறைத்துவிடும்?

அவர் நெடுநேரம் பேசவில்லை. இறுதியில், "ஓடுங்க. ஆனா தொப்பியக் கழட்டாம ஓடுங்க" என்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றும் எண்ணம் இந்தக் குளிரில் எவனுக்கும் வராது என்பதை நான் சொல்லவில்லை. அவர் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று நான் இன்றும் நம்பவில்லை. என் வேலை நிலைத்தது.

பனிக்காலத்தில் ஓடுவதைப் பற்றி நடைமுறையாகச் சில செய்திகள் சொல்ல வேண்டும். இங்கே நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், பின்னர் உறைபனி. வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும் இரவுகளில் தரை தன் வெப்பத்தை இழக்கிறது, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளி உப்புப் பரப்பியது போல வெளுத்திருக்க, சரிவிலுள்ள தெரு நனைந்து மட்டும் இருக்கும். நான் சரிவுச் சாலையையே தேர்ந்துகொள்கிறேன். உறைந்த புல் வழுக்கும். தடித்த கம்பளியை விட்டுவிட்டு, வியர்வை தங்காத மெல்லிய உடையாக இரண்டு அடுக்கு, கணுக்கால் வரை தளர்ந்த காற்சட்டை, கையுறை. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும்; அப்போதே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் நனைந்துவிடுவோம். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் நீர் அருந்த வேண்டும். திரும்பியவுடன் உலர்ந்த பனியன் மாற்றுவதை நான் இப்போது எதற்காகவும் தள்ளிப்போடுவதில்லை. மதரஸாவுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், நன்றாக விடிந்த பின், லவ்டேல் வழியாகக் கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் வளைவு வரை போய் வருவேன். மூடுபனியில் காட்டெருமை நிற்கும். அதற்கு முன் எந்தக் கடிகாரத்துக்கும் மதிப்பில்லை; அது நகரும் வரை நின்றுவிட வேண்டியதுதான்.

2024 டிசம்பரில் கோவையில் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். எனக்கு 2 மணி 41 நிமிடங்கள் ஆயின. கோவையின் விடியற்காலையைச் சிலர் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது சித்திரை மாதம்போல இருந்தது. பதினெட்டாவது கிலோமீட்டரில் என்னைவிடப் பத்து வயதேனும் மூத்த ஓர் அம்மையார், சேலைக்குக் கீழே ஓட்டக் காலணி அணிந்தபடி, "வாங்க தம்பி, வாங்க" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். எட்டிப் பிடிக்க ஆசை வந்தது. முன்னால் ஒரு மேம்பாலத்தின் ஏற்றம் இருந்தது. ஸலமாவை (ரலி) நினைத்து அடக்கிக்கொண்டேன். ஆனால் இறுதிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை.

இளைப்புக் கண்ட அந்தச் சிறுவனுக்கு இப்போது ஒன்பது வயது. பையில் உறிஞ்சு மருந்தை வைத்துக்கொண்டு ஓத வருகிறான். காலையில் நான் ஓடி முடித்து 72 படிகளின் உச்சியில் நிற்கும்போது அவனும் அங்கே வந்து நிற்பான். "ஹஜ்ரத், இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பான். எண்ணைச் சொல்வேன். அன்றைய ஓட்டம் குறைவாயிருந்தால் முகத்தைச் சுளிப்பான். பிறகு இருவருமாகப் படியிறங்குவோம்.

இதை எழுதும் இன்று வியாழன் மாலை. வானம் துளி மேகமில்லாமல் இருக்கிறது. இரவு உறைபனி நிச்சயம். மோதினாரிடம் ஒளூவுக்கு ஓர் அண்டா வெந்நீர் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நாளை, இன்ஷா அல்லாஹ், 14 கிலோமீட்டர்.