கும்மிடிப்பூண்டியில் ஓர் அன்னக்கிளி

கும்மிடிப்பூண்டிக்கு யாராவது பாட்டுத் தேடிப் போவார்களா? போனேன் சார்!

ரயில் ஏறியது மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில். 1985-ல் தீயில் போகும்வரை அங்கே இருந்த மூர் மார்க்கெட்தான் பழைய ரெக்கார்டு பைத்தியங்களுக்குக் காசி.

தேடியது, 1976-ல் வந்த 'அன்னக்கிளி' ஈ.பி. இளையராஜாவின் முதல் படம். ஏழு அங்குலத் தட்டு, 45 சுற்று. கல்யாணப் பந்தல், டீக்கடை என்று ஊசி பட்டுப் பட்டே தேய்ந்தது. ஊரே விரும்பிய தட்டு உருப்படியாகக் கிடைக்குமா?

பொன்னேரி தாண்டி இறங்கினால் சிப்காட். உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வரும். அதில் எப்போதாவது ரேடியோகிராமும் வரும் என்று ஒரு நண்பர் கொளுத்திப் போட்டிருந்தார்.

மூன்றாவது காயலான் கடையில் சிக்கியது.

"மோட்டாரைக் கழட்டியாச்சு சார். தட்டு உலைக்கு ஆகாது, வேணும்னா எடுத்துக்குங்க."

பதினொரு தட்டுகள். ஒன்றில் லேபிளே இல்லை, மழையில் கரைந்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொடியாக ஒரு எண் இருக்கும். தட்டுக்கு அதுதான் ஜாதகம். டைரியை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன்.

அதேதான்!

"எவ்வளவுண்ணே?"

"ஒரு டீ சொல்லுங்க, போதும்."

வீட்டில் ஓடவிட்டேன். முதலில் வடை சுடுகிற சத்தம். அதற்கு அடியிலிருந்து மெல்ல ஜானகி! மறுபக்கம்தான் ஒரே வார்த்தையில் நின்று அடம் பிடிக்கிறது. அந்தப் பக்கத்துக்காக அடுத்த ஞாயிறு திருவள்ளூர்.