என்ஜின் ஏன் முரண்டு பிடித்தது?

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தையல் மிஷினோ கிரைண்டரோ நிச்சயம் இருக்கும். பெரிய ரிப்பேர் முடிந்து வந்த பிறகு, அது முன்னைவிட அதிகமாக முரண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இவ்வளவு பணம் கொட்டினோமே!" என்று வயிறு எரியும். அந்தச் சமயத்தில் எப்படி யோசிக்க வேண்டும் என்பதைச் செஞ்சியில் ஒரு மெக்கானிக்கிடம் தெரிந்து கொண்டேன்.

என் மாமனாரிடம் ஓர் அம்பாஸிடர் இருக்கிறது. உத்தரபாராத் தொழிற்சாலை அந்தக் காரைத் தயாரிப்பதை 2014-இல் நிறுத்திவிட்டது. மாமனாரின் பிரியம் மட்டும் நிற்கவில்லை. பென்ஷன் பணத்தில் சிலிண்டர் ஹெட்டை இறக்கி, வால்வுகளைத் தேய்த்துப் புதுப்பித்தார். "இனிமேலும் தகராறு செய்தால் விற்றுவிட வேண்டியதுதான்" என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சில நூறு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி, செஞ்சியை நெருங்கும்போது வண்டி உதற ஆரம்பித்தது. என்ஜினில் 'மிஸ்ஸிங்'! மாமனாரின் முகம் வாடிவிட்டது. "மறுபடியும் என்ஜினைப் பிரிக்கணுமோ?" என்றார்.

பெரியவரான அந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடவேயில்லை. "கடைசியா இதிலே என்ன வேலை பார்த்தாங்க, ஐயா?" என்று கேட்டார். "ஹெட் வேலை" என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 தடவை வெடிக்க வேண்டும். நான்கில் எது தூங்குகிறது? என்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். (நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்!) மற்ற ஒயர்களை எடுத்தபோது என்ஜின் தள்ளாடியது. மூன்றாவதை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. திருடன் அகப்பட்டான்!

மூன்றாவது பிளக்கையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார். கோளாறு மூன்றிலேயே இருந்தது. ஆகவே பிளக் குற்றவாளியல்ல. ஒயரை மாற்றியும் பயனில்லை. கார்புரேட்டரோ நான்குக்கும் பொது. அதில் குறையிருந்தால் ஒன்று மட்டும் படுத்துக்கொள்ளாது. பிறகு பிளக் துவாரத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். மற்றவற்றில் காற்று விரலைத் தள்ளியது. மூன்றாவதில் அந்த வேகமே இல்லை.

"டேப்பட் டைட்டா இருக்கும்மா" என்றார் என்னிடம். புதிதாகத் தேய்த்த வால்வு, ஓட ஓடத் தன் இருக்கையில் இன்னும் சற்று அழுந்தி உட்காருமாம். அதனால் மேலே விட்ட இடைவெளி குறைந்துவிடும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுக்க மூடாது. காஸ்கெட் சரியாக உட்காராத குக்கர் விசில் அடிக்குமா? அதே கதைதான். அப்படியே ஓட்டினால் வால்வு கருகி, உண்மையிலேயே மறுபடி ஹெட்டை இறக்க நேரும்.

என்ஜின் ஆறும் வரை மாமனார் கோட்டைச் சரித்திரம் சொன்னார். முகலாயப் படை 1690-இல் வந்து முற்றுகையிட்டு, 1698-இல்தான் கோட்டையைப் பிடித்ததாம். எங்கள் மெக்கானிக்குக்கு ஒரு பிற்பகலே போதுமானதாக இருந்தது. இடைவெளியை அளந்து திருத்தினார். என்ஜின் சீராக ஓடியது. கேட்ட கூலியும் சொற்பம்தான்.

பெரிய ரிப்பேருக்குப் பின் பெரிய கோளாறுதான் வரும் என்று பயப்படாதீர்கள். கடைசியாகக் கை பட்ட இடம் எது என்று முதலில் கேளுங்கள். எதையும் பிரிக்கும் முன், சுலபமான சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். ஹெட் வேலை முடிந்த பழைய வண்டியை எடுக்கப் போகும்போது, "டேப்பட்டை மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.