நொடிக்கு ஒன்பது

மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் உதவும் என்று, கைப்பேசியில் செருகும் வெப்பக் கேமரா ஒன்றை வாங்கினேன். இருட்டில் பூனை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது ஓடினால் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. “விலை கம்மி மாமா, திக்கத்தான் செய்யும்” என்றான் மச்சினன். அதைவிட மலிவான சாதாரணக் கேமராவே திக்குவதில்லையே என்று எனக்கு உறுத்தல்.

பெட்டியில் ‘நொடிக்கு 9 படத்துக்குக் குறைவு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதென்ன ஒன்பது கணக்கு?

விடை கிடைத்த இடம் ஏற்றுமதிச் சட்டம். வேகமாகப் படமெடுக்கும் வெப்பக் கேமராவைத் துப்பாக்கியில் பொருத்தி, ஓடும் இலக்கைக் குறிவைக்கலாம். அதனால் 9 படத்தைத் தாண்டாத சிறு கருவிகளுக்கே அமெரிக்க விதிகள் தளர்வு தருகின்றன. இந்த வகைக் கட்டுப்பாட்டுக்கான வாசெனார் உடன்பாட்டில் இந்தியாவும் 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஆக, இது தெரிந்தே போட்ட கடிவாளம். கருவியின் வேரும் ராணுவத்தில்தான் இருக்கிறது. பழைய ராணுவக் கேமராக்களின் உணரியைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத உணரியை அமெரிக்க ராணுவப் பணத்தில் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கியது. 1992 வரை அது ரகசியம். 2014-இல் ஃப்ளிர் நிறுவனம் ஐபோனுக்கான கேமராவை 349 டாலருக்கு அறிவித்தது.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெரியவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவர்.

“கதை இருக்கட்டும் தம்பி. சன்னலுக்கு அந்தப் பக்கம் பேரன் நிக்கிறான். காட்டு பார்ப்போம்.”

கண்ணாடிச் சன்னலில் தெரிந்தது என் உருவம்தான். உடல் வெளிவிடும் வெப்பக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டாது. அதனால்தான் இந்தக் கேமராவின் லென்ஸையே ஜெர்மானியம், சிலிக்கான் போன்றவற்றில் செய்கிறார்கள். பெரியவர் விடவில்லை. பையனைக் கம்பளிக்குள் புகுந்துகொள்ளச் சொன்னார், மங்கினான். பொழுது சாய்ந்ததும், பகலெல்லாம் வெயில் குடித்த மேற்குச் சுவரோரம் நிறுத்தினார். சுவரும் பையனும் ஏறக்குறைய ஒரே சூடு. ஆளைத் தேட வேண்டியிருந்தது. கடைசியாக ஏசி பிளக்கைப் பார்க்கச் சொன்னார். ஒரு முனை மட்டும் தகதகத்தது. “இதுக்கு வாங்கலாம்” என்றார்.

ஒன்பது எனக்கு மறந்துபோனது. கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது என்று பின்னோக்கிப் போனேன். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த வெயிலில் சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அவர் மகன் ஜான் 1840-இல், கரி பூசிய காகிதத்தைச் சாராயத்தில் நனைத்து அந்தக் கதிர் படவைத்தார். வெப்பம் விழுந்த இடம் முதலில் உலர, அதுவே படமானது. அன்றும் இன்றும் தெரிவது மேற்பரப்பின் சூடுதான்.

புகைக்குள் விழுந்துகிடப்பவரையும் இருட்டில் நிற்பவரையும் இது காட்டும். தண்ணீருக்குள் மூழ்கியவரைக் காட்டாது. முதலில் டார்ச்சும் பவர்பேங்கும் வாங்குங்கள், பிறகு இது. கடைக்காரர் ‘சுவருக்குப் பின்னால் இருக்கும் ஆளே தெரியும் சார்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.