எண்ணாகும் எழுத்து

சொல்லை எண்ணாக மாற்றுவது கணினி நிரலாக்கத்தில் நாள்தோறும் நிகழும் பணி. அவ்வாறு கிடைக்கும் எண்ணை 'ஹாஷ் மதிப்பு' என்பர். பல்லாயிரம் சொற்களை ஒவ்வொன்றாகப் புரட்டாமல், வேண்டிய சொல் இருக்கும் இடத்தை நேரே கணக்கிட்டு அடைய இவ்வெண் உதவுகிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை எழுதி வைத்தார்.

இதைக் கற்பிக்கும்போது 'கதை', 'தகை' என்னும் இரு சொற்களை நான் விரும்பி எடுத்துக்கொள்வேன். யூனிகோடு முறையில் ககரத்தின் எண் 2965. தகரத்தின் எண் 2980. ஐகாரக் குறியின் எண் 3016. இவற்றைக் கூட்டினால் இரு சொற்களுக்கும் 8961 என்றே விடை வரும். பொருளால் வேறுபட்ட சொற்கள் எண்ணால் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்துகளின் வரிசையைக் கூட்டல் பொருட்படுத்துவதில்லை. ஜாவா மொழி இதற்கு எளிய வழி கண்டது. அடுத்த எழுத்தைச் சேர்க்குமுன், அதுவரை வந்த தொகையை அது 31ஆல் பெருக்குகிறது. இப்போது 'கதை' 29,44,761 ஆகிறது. 'தகை' 29,58,711 ஆகிறது.

ஆயினும் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. ஜாவா தரும் எண் 32 பிட்டுகளுக்குள் அடங்குவது. அதில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. எழுத்துகளைக் கோத்து உருவாக்கும் தொடர்களுக்கோ எல்லையில்லை. எண்கள் சீராகப் பரவினாலும், ஏறத்தாழ 77,000 தொடர்கள் சேர்ந்தவுடன் அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒரே எண்ணைப் பெறும் வாய்ப்பு சரிபாதியாகிவிடும்.

சிற்றூர் நூலகம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலுக்கு என் மாணவர்களுடன் நிரல் எழுதினேன். "எண் பொருந்திவிட்டதே ஐயா, பெயரை மறுபடியும் எழுத்தெழுத்தாக ஏன் ஒப்பிட வேண்டும்? அந்த வரியை நீக்கினால் நிரல் விரையுமே?" என்றான் ஒரு மாணவன். நல்ல வினா. "ஒருவர் பெற்ற நூல் மற்றொருவர் கணக்கில் ஏறினால், பெறாத நூலுக்குத் தண்டம் கட்டுபவர் யாரிடம் முறையிடுவார்?" என்று கேட்டேன். அவன் அவ்வரியை நீக்கவில்லை.

இன்று குடும்ப அட்டை முதல் தேர்வு முடிவு வரை நம்மை எண்களே அடையாளம் காட்டுகின்றன. எண் நம்மை வாயில்வரை விரைந்து அழைத்துச் செல்லும். உள்ளே இருப்பவர் யார் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டறியும் பொறுப்பு, நிரல் எழுதுபவருடையது.