ஒளி தந்த உருவம்

ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களுக்குச் செப்பேடு இல்லை, கல்வெட்டும் இல்லை. ஒரு தலைமுறை வாழ்ந்ததற்குச் சான்றாக எஞ்சுவன பெரும்பாலும் சில நிழற்படங்களே. மணமேடையில் ஒன்று, குலதெய்வக் கோயிலில் ஒன்று, திண்ணையில் அமர்ந்த பெரியவரின் படம் ஒன்று, அவ்வளவுதான். அச்சான்றை உருவாக்கும் பொறுப்பு இன்று கைப்பேசியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அது உள்ளதை உள்ளவாறு தருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

எங்கள் ஊராகிய கோவிந்தாபுரம், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தது. எங்கள் வீடுகளில் தமிழ் தமிழாகவே நின்றது. அருகிலுள்ள முதலமடையின் மாந்தோப்புகளில் உழைத்து முதிர்ந்தவர் எங்கள் அம்மிச்சி. மாம்பூ மணக்கும் தை மாதத்தில், பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, தோப்பு நிழலில் அவரைக் கைப்பேசியில் படம் எடுத்தோம். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தவர், "இது ஆரு கண்ணு? வெள்ளையடிச்ச செவுராட்டம் இருக்குது!" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கருநிறம் வெளுத்திருந்தது. நெற்றிச் சுருக்கங்கள் மறைந்திருந்தன. இளமையில் முன்கையில் குத்திக்கொண்ட பச்சைக் கோலமும் கறையெனத் துடைக்கப்பட்டிருந்தது.

இஃது எவ்வாறு நேர்கிறது? கைப்பேசியின் ஒளியுணர் சில்லின் மேல் வண்ண வடிகட்டி ஒன்று உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் வாங்கும். விடுபட்ட நிறங்களைக் கைப்பேசி ஊகித்து நிரப்புகிறது, மணல் தூவினாற்போன்ற புள்ளிகளைத் துடைக்கிறது, நிழலை வெளிச்சமாக்குகிறது, பின்பு எல்லாவற்றையும் சுருக்கி 'ஜேபெக்' கோப்பாக நம் கையில் தருகிறது. துடைக்கும்போது மணல் எது, பச்சைக் கோலம் எது என்று அதற்குத் தெரிவதில்லை.

இத்திருத்தங்களுக்கு முந்தைய நிலையே 'ரா' எனப்படும் கச்சாப் படம். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 10 பிட் கச்சாப் படத்தில் 1,024. 12 பிட்டில் 4,096. கருநிற முகத்தில் நிழலுக்குள் நிழலாக இருக்கும் நுட்பங்கள் இப்படிகளில்தான் தங்குகின்றன. இதனைச் சேமிப்பதற்கான 'டி.என்.ஜி.' வடிவத்தை அடோபி நிறுவனம் 2004-இல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு 2014-லும், ஆப்பிள் 2016-லும் கைப்பேசிகளில் இதற்கு வழி திறந்தன. எல்லாக் கருவிகளிலும் இவ்வசதி இல்லை. உள்ளவற்றில் லைட்ரூம், ஓப்பன் கேமரா போன்ற செயலிகள் வாயிலாக எடுக்கலாம்.

ஆயினும் கச்சாப் படம் என்றதும் தரம் தானே வந்துவிடாது. சிறிய சில்லுக்கு வெளிச்சமே உணவு. ஆதலின் பெரியவரைத் தோப்பின் உட்புறத்தில் நிறுத்தாமல், நிழலும் வெயிலும் சேரும் ஓரத்தில் வெளிச்சம் நோக்கி அமர்த்துதல் வேண்டும். கண்ணாடி வில்லையை மெல்லிய துணியால் துடைத்திடுக. ஐ.எஸ்.ஓ. அளவைக் குறைத்து, கருவியை முக்காலியிலோ திண்ணைத் தூணிலோ அசையாது நிறுத்துக. முதன்மை வில்லையையே பயன்படுத்துக. விரலால் பெரிதாக்கும் உருப்பெருக்கம் புதிதாக எதையும் தாராது. வெண்சேலையும் வானமும் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைக் கட்டுப்படுத்துக. எரிந்துபோன வெண்மையை எவராலும் மீட்க இயலாது. அசையாப் பொருளாயின் பதினாறு படங்கள் எடுத்துச் சராசரி காண்க. புள்ளி இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும்.

அடுத்த நாள் காலை அவ்வாறே எடுத்தோம். கணினியில் நிழலைச் சிறிதே உயர்த்தியதும் பச்சைக் கோலத்தின் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அதைக் குத்தியது எந்தத் திருவிழாவில், உடனிருந்த தோழியர் யார் யார் என்றெல்லாம் அம்மிச்சி அன்று மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை எங்களில் எவரும் கேளாத கதை அது.

கருநிறத்தைப் படக்கருவி தவறவிடுவது புதிதன்று. படச்சுருள் காலத்தில், 1950-களிலிருந்தே, நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்குக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. கூகுள் நிறுவனம் பலவகைத் தோல்நிறங்களையும் மெய்யாகக் காட்டும் முயற்சியைத் தன் கைப்பேசியில் அறிவித்தது 2021-இல்தான். பிறர் வகுத்த அளவுகோல் மாறும் வரை நம் முதியோர் காத்திருக்க இயலுமா?

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியோர் ஒவ்வொருவரையும் ஒரு கச்சாப் படமேனும் எடுத்து வையுங்கள். ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் கொண்ட படம் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 24 மெகாபைட் இடம் கொள்ளும். அது பெரிய செலவன்று. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். திருத்திய படியை உறவினருக்குக் கொடுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் காத்திடுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரும், ஊரும், நாளும் இருக்கட்டும். தமிழறியாது வளரக்கூடிய நம் பேரப்பிள்ளைகளும் அம்முகத்தில் தம் முகத்தைத் தேடுவர். அவர்கள் காணும் நிறம் நம் நிறமாகவே இருத்தல் வேண்டும்.