குறட்டை நின்றுபோகும் அந்தச் சில விநாடிகள்

சத்தமாகக் குறட்டை விடுகிறவரைப் பார்த்து, ‘அசந்து தூங்குகிறார்’ என்கிறார்கள் வீட்டில். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே ஓடாமல், பிறகு திணறலோடு திரும்பினால் அது தூக்கத்தில் வரும் மூச்சடைப்பாக இருக்கலாம். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு அடைபட்டாலும் குறைந்தாலும் நோய் தீவிரம் என்று பொருள். ரத்த அழுத்தம், இதய நோய், வண்டி ஓட்டும்போது கண் அயர்வது எனப் பாதிப்பு நீள்கிறது.

ஒரு காலத்தில் இதற்கு இருந்த பலனுள்ள சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பதுதான்.

1981 இந்த நிலையை மாற்றியது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழு, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் முறையை வெளியிட்டது. அதே ஆண்டு ஷிரோ ஃபுஜிடா குழு, உள்நாக்கையும் மென்னண்ணத்தையும் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை விவரித்தது.

இன்றும் முதல் சிகிச்சை சிபாப்தான். ஆனால் முகமூடியோடு உறங்க முடியாமல் அவதிப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களைக் கைவிட வேண்டியதில்லை. மருந்தால் உறங்கவைத்து, எண்டோஸ்கோப்பி மூலம் அடைப்பு எங்கே என்று பார்க்கிறார்கள். நாக்கின் அடிப்பகுதி அடைத்தால் அண்ண அறுவை மட்டும் போதாது. இரு தாடைகளையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தும் அறுவை பலருக்கு நல்ல பலன் தருகிறது.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியும் வந்துவிட்டது. 126 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மணிக்கு 29.3 ஆக இருந்த மூச்சுத்தடையின் இடைநிலை அளவு ஓராண்டில் 9 ஆகக் குறைந்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு அதற்கு அனுமதியும் கிடைத்தது.