தொட்டுப் பார்க்காத டாக்டர்

எனக்குக் கண்ணில் பிரஷர் இருப்பது 2016-ல் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். க்ளாக்கோமா என்றார்கள். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. எதிரே இருப்பது நன்றாகவே தெரியும்; ஓரப்பார்வைதான் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. சங்கர நேத்ராலயாவினர் சென்னையில் நடத்திய ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல்தான் இருந்தார்களாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருவொற்றியூரில் ரயிலேறி பீச் போய், அங்கிருந்து வேறு ரயில் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவேன். மெஷினில் தாடையை வைத்தால் நீல வெளிச்சம் கிட்டே வந்து கண்ணைத் தொடும். "பதினாறு, நல்லாருக்கு" என்பார் டாக்டர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். எண்ணைக் காதால் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

2020 மார்ச்சில் ரயில் நின்றது. ராயபுரம் மண்டலத்தில் கொரோனா எகிறிக்கொண்டிருந்த நேரம். போனில் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு மார்ச் 25-ல் வெளியிட்டிருந்தது. மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து, "வீடியோவில் டாக்டர் பேசுவார்" என்று செய்தி வந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த தெருவில் என் நண்பர், ரிட்டயர்டு கிரேன் ஆபரேட்டர். அவருக்கும் இதே வியாதி, அதே ஆஸ்பத்திரி. அவரிடம், "தொடாம பிரஷர் எப்படிப் பாப்பாங்க? ஒப்புக்குப் பேசிட்டு வெச்சிடுவாங்க" என்றேன். "அதானே! போன்ல இன்னா சார் வைத்தியம்" என்றார் அவரும்.

ஆனாலும் மருமகள் விடவில்லை. "பேசித்தான் பாருங்களேன் மாமா" என்று போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் வந்ததும் முதலில் சொன்னது, "ஐயா, பிரஷரை இதுல அளக்க முடியாது. மருந்து எப்படிப் போடறீங்கன்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். ஒரு கண்ணுக்கு மூன்று சொட்டு விட்டு, கண்ணைச் சிமிட்டி, வழிந்ததைத் துண்டால் துடைத்தேன். "எத்தனை வருஷமா இப்படி?" என்றார். கீழிமையை இழுத்து ஒரே சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தில் இரண்டு நிமிஷம் அழுத்தல், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். புட்டியில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அது திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து வைத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாதாம். நான்கு வருஷமாகத் தாடையை மெஷினில் வைத்திருக்கிறேன், என் கை செய்கிற வேலையை அன்றுதான் ஒரு டாக்டர் பார்த்தார்.

தீபாவளிக்கு முன்னால் ஆட்டோ பிடித்து நேரில் போனேன். பதினேழு. ஓரப்பார்வை டெஸ்டிலும் புதிதாக எதுவும் குறையவில்லை.

நண்பர் அந்த வீடியோவுக்கு உட்காரவே இல்லை. புட்டி தீர்ந்த பிறகு மருந்தும் வாங்கவில்லை. கண் நன்றாகத்தானே தெரிகிறது! மறுவருஷம் பிப்ரவரியில், மார்க்கெட் பக்கம் இடப்புறம் நின்ற மீன்பாடி வண்டி தெரியாமல் மோதி விழுந்தார். அப்புறம் எடுத்த டெஸ்ட் காகிதத்தில் இடது கண் பக்கம் பாதிக்கு மேல் கறுப்பு.

வீடியோ முடிந்த அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டு, "நான் சொன்னது தப்பு, பேசிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. மூன்று சொட்டு விட்டுத் திட்டு வாங்கிய கதையைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அவர் ஒருநாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது மெட்ரோ இருக்கிறது. பிரஷர் பார்க்க இருவரும் காலடிப்பேட்டையில் ஏறிச் சேர்ந்தே போகிறோம், நான் அவருக்கு இடப்பக்கம். நடுவில் வரும் வீடியோவுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். போனை நான் பிடிப்பேன். போன தடவை புட்டியைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தி, "டாக்டரு உத்துப் பாக்கறாரு, கை நடுங்குது சார்" என்றார். உள்ளிருந்து டாக்டர், "நிதானமா போடுங்க, நான் இருக்கேன்" என்றார்.